ஏழு பன்னிரண்டு வண்டியும் இரண்டாவது டீயும்

நாற்பத்தொன்றாம் எண் பேருந்தில் தினமும் காலையில் ஒருவரைத் திட்டுவார்கள். அந்த ஆளை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அவரவர் வீட்டு ஆளைத் திட்டுவது போல அவ்வளவு உரிமையாகத் திட்டுவார்கள்.

"இந்த டைம்டேபிள் போட்டவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்," என்று வக்கீல் ஆரம்பிப்பார். கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்றபடியே வாதாடுவார். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவன் இந்த பஸ்ல நின்னுக்கிட்டு வரட்டும். அப்புறம் தெரியும்."

வண்டி முழுக்க "ஆமா, ஆமா" என்று தலையாட்டும். நானும் ஆட்டுவேன். ஆட்டாமல் இருந்தால் சந்தேகம் வருமே! ஏனென்றால் அந்த டைம்டேபிளைப் போட்டது நான்தான்.

'போட்டவன்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாற்பத்தாறு வயதில், மூக்குக்கண்ணாடியும் துணிப்பையுமாக மூன்றாவது வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்பிள்ளை அந்த வேலையைச் செய்வாள் என்று யாருக்கும் தோன்றியதில்லை. யாராவது கேட்டால், "ஆபீஸ்ல ஃபைல் பாக்குறேன்," என்பேன். பொய்யில்லை. அந்த ஃபைலுக்குள் நகரத்தின் அறுபத்து மூன்று பேருந்துத் தடங்களின் நேரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கும் கோபம் வரும். மற்ற விஷயங்களில் என் கோபம் ஊரறிந்தது. வீட்டில் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போகும் மகனிடம் அரை மணி நேரம் கத்துவேன். ஆனால் பேருந்தில் வாயைத் திறப்பதில்லை. ஒரு வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முடிவு செய்வதில் எத்தனை தலைவலி இருக்கிறது என்று இவர்களுக்கு என்ன தெரியும்? ஓட்டுநருக்குச் சாப்பாட்டு நேரம், டிப்போவில் இடம், பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், ரயில் வரும் நேரம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துக் கோர்த்தால், கடைசியில் நமக்குக் கிடைப்பது வக்கீலின் வசவுதான்.

மூன்று மாதங்களுக்கு முன் புது டைம்டேபிள் வந்தது. எங்கள் மேலதிகாரி எல்லாத் தாளிலும் சிவப்பு மையில்தான் எழுதுவார், அதனால் அவருக்குப் பெயரே சிவப்பு மைதான். "நாற்பத்தொண்ணுல மூணு நிமிஷம் வேஸ்ட்டா நிக்குது. எங்கயாவது எடுத்துடுங்கம்மா," என்றார். எடுப்பதற்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்பும் இடம். இன்னொன்று, காலையில் கிளம்பும் நேரம். நான் கிளம்பும் நேரத்தில் எடுத்தேன். அதுவரை என் நிறுத்தத்துக்கு ஏழு ஒன்பதுக்கு வந்துகொண்டிருந்த வண்டி, ஏழு பன்னிரண்டுக்கு வரத் தொடங்கியது.

அந்த மூன்று நிமிடம் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லி மாளாது. என் கணவர் வீட்டில் செய்யும் ஒரே உருப்படியான வேலை காலை டீ. முதல் டம்ளரை நின்றுகொண்டே குடித்துவிட்டு ஓடுவதுதான் என் வழக்கம். இப்போது இரண்டாவது டம்ளரையும் உட்கார்ந்து குடிக்க முடிந்தது.

"ஊருக்கெல்லாம் நேரம் குறிக்கிறவ, தன் வசதிக்கும் குறிச்சுக்கிட்டா போல," என்றார் அவர்.

"வாயை மூடிக்கிட்டு சக்கரையப் போடுங்க," என்றேன்.

வண்டியில் என் பக்கத்து இருக்கை எப்போதும் ஸ்வெட்டருக்குத்தான். அவள் எனக்கு முந்திய நிறுத்தங்களில் ஒன்றில் ஏறுவாள். ஜன்னலோரத்தை எனக்கு விட்டு, அதன்மேல் தன் பையை வைத்து இடம் பிடித்து வருவாள். கொளுத்தும் வெயில் நாளிலும் பச்சை நிறக் கம்பளி ஸ்வெட்டரை மடியில் வைத்திருப்பாள். மருந்துக் கிடங்கின் குளிர் அறையில் தடுப்பூசி மருந்துகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதிருக்கும். கணவன் சரக்குக் கப்பலில். வருஷத்தில் பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. ஏழு வயதில் ஒரு மகள்.

நாங்கள் பேசாத விஷயமில்லை. அவள் மகள் பல் விழுந்ததை மறைத்து வைத்தது, என் மகன் சமையல் செய்கிறேன் என்று பாத்திரத்தைக் கருக்கியது, எல்லாம் இருபத்து மூன்று நிமிடத்தில் பேசி முடிப்போம். ரயில் நிலையம் வந்ததும் அவள் இறங்கி, மேம்பாலப் படி ஏறி அந்தப் பக்கம் போய் ஏழு முப்பத்தொன்பது ரயிலைப் பிடிப்பாள். நான் இன்னும் இரண்டு நிறுத்தம் போய் இறங்குவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் சிரிக்கவில்லை.

"என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு?"

"மூணாவது சிவப்பு விழுந்துருச்சுக்கா."

கிடங்கு வாசலில் கட்டைவிரல் வைக்கும் இயந்திரம் இருக்கிறதாம். எட்டு மணிக்குள் வைத்தால் பச்சை விளக்கு, ஒரு நொடி தாண்டினாலும் சிவப்பு. மூன்று மாதத்தில் ஐந்து சிவப்பு விழுந்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு இரவு ஷிப்ட்.

"ராத்திரி ஷிப்ட்னா என்ன பண்றதுன்னே தெரியலக்கா. பாப்பாவ யார்கிட்ட விடுவேன்? எதிர்வீட்டு ஆன்ட்டி காலைல பாத்துக்குவாங்க. ராத்திரிக்கு யாரு பாப்பாங்க? வேலைய விட வேண்டியதுதான். வேற யாரு எனக்கு வேலை தரப் போறா?"

"முன்னாடி எல்லாம் லேட்டே ஆனதில்லையே நீ?"

"இந்தப் புது டைம்டேபிள்தான்கா. ரயில் ரெண்டு மூணு நிமிஷம் லேட்டா வந்தாத்தான் பிடிக்க முடியுது. நேரத்துக்கு வந்தா என் கண்ணு முன்னாடியே கிளம்பிடுது. அடுத்த ரயில் ஏழு அம்பத்தொண்ணு. அதுல போனா சிவப்புதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வலித்த இடத்தைத் தடவிப் பார்க்காமல் நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபப்பட்டேன். வண்டி ஏழு முப்பத்தைந்துக்கு நிலையம் வருகிறது. ரயில் ஏழு முப்பத்தொன்பதுக்கு. நடுவில் முழுசாக நான்கு நிமிடம். அந்த மேம்பாலத்தை நானே நடந்து பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் அது சட்டம். பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறும் இடம் எதுவானாலும், நேரம் போடுகிறவர் அதைத் தன் காலால் நடந்து பார்த்து, கடிகாரத்தில் குறித்து, நடைத்தாள் என்ற ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நான் நடந்தேன். மூன்று நிமிடம் ஐம்பது நொடி. அதில் என்ன குற்றம் சொல்ல முடியும்?

"நாலு நிமிஷம் இருக்குல்ல? கொஞ்சம் வேகமா நடந்தா பிடிச்சுடலாமே," என்றேன், யாருக்கோ பரிந்து பேசுவது போல.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு இடது முழங்காலைத் தடவினாள். "நடக்குறேன்கா," என்றாள். அந்தக் குளிர் அறை அவள் முட்டியைத் தின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அப்படிச் சொன்னேன். என் வாய்க்கொழுப்பை என்னவென்று சொல்ல!

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை அவளோடு நானும் நிலையத்தில் இறங்கிவிட்டேன். "எனக்கு இந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு," என்று புளுகினேன். உண்மையில் நான்கு நிமிடம் போதும் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் போனேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். ஏழு முப்பத்தைந்து. வண்டி நேரத்துக்கு வந்ததில் ஒரு அற்பப் பெருமை வேறு.

படியில் கால் வைத்ததும் எதிரே ஒரு ரயில் கூட்டம் முழுவதும் இறங்கி வந்தது. நிஜமாகவே முழுவதும்! பைகள், குடைகள், தோளில் தூங்கும் குழந்தை, செல்போனைப் பார்த்தபடியே நடக்கும் புண்ணியவான்கள். ஸ்வெட்டருக்குக் கைப்பிடிக் கம்பி இல்லாமல் ஏற முடியாது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கம்பியைப் பிடித்து ஏறினாள். கம்பியோரமாகவேதான் அத்தனை பேரும் இறங்கினார்கள். அவள் நிற்பாள், வழி விடுவாள், மறுபடி ஒரு படி ஏறுவாள். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் மேலே பாலத்தில் இருக்கும்போதே கீழே ரயில் கிளம்பிவிட்டது.

மறுபக்கம் இறங்கி முடித்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம் நாற்பது நொடி.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. நான் நடந்து பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வார நாளில் எனக்கு நேரமில்லை என்று, லீவு நாளில், காலியான பாலத்தில், இரண்டு நல்ல முழங்காலோடு, காய்கறி வாங்கப் போகிற வழியில் நடந்து பார்த்துவிட்டு வந்தேன். நடைத்தாளில் 'கிழமை' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் விட்டேன்.

"நாலாவது," என்றாள் ஸ்வெட்டர். நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து முட்டியை அமுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

அலுவலகம் போனதும் நேராகச் சிவப்பு மையின் அறைக்குள் போனேன். இடைக்காலத்தில் டைம்டேபிளை மாற்ற வேண்டுமென்றால் காரணம் எழுதித் தர வேண்டும். எழுதியே கொண்டுபோயிருந்தேன். 'இணைப்பு நடை ஞாயிற்றுக்கிழமை பார்க்கப்பட்டது. தவறு என்னுடையது.'

அவர் படித்தார். பழைய நடைத்தாளை எடுத்துப் பார்த்தார். காலியான கட்டத்தின் மேல் பேனாவை வைத்தார். கீழே அவருடைய சிவப்புக் கையெழுத்தும் இருந்தது.

"இந்தக் கட்டத்த நான் பாத்ததே இல்லம்மா," என்றார்.

"நானும்தான் சார் நிரப்பினதே இல்ல."

"சரி, பழையபடி ஏழு ஒம்போதுன்னா, அந்த மூணு நிமிஷத்த எங்க எடுக்கறது?"

"கடைசி ஸ்டாப்புல திரும்பறப்ப எடுக்கலாம் சார்."

"அது அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அந்தக் காலிக் கட்டம் எங்கள் இருவரையுமே சேர்த்து முறைத்துக்கொண்டிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். "அச்சடிச்சு ஒட்டணும், டிரைவருங்களுக்குச் சொல்லணும். ரெண்டு வாரம் ஆகும்."

ரெண்டு வாரம் என்றால் பத்து வேலை நாள். அவளிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சிவப்பு.

மறுநாள் காலை வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். வக்கீல் காதில் விழாதபடி மெதுவாக, ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னேன். ஃபைல் என்றால் என்ன ஃபைல், ஞாயிற்றுக்கிழமை நடந்தது, அதைவிட முக்கியமாக, ஏழு பன்னிரண்டு என்ற நேரத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இரண்டாவது டம்ளர் டீ என்பதையும்.

"டீயா?" என்றாள்.

"டீதான்."

"நான் லேட்டா போனது உங்க டீக்காகவா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ரெண்டு வாரத்துல மாறிடும். அதுவரைக்கும் நீ முந்தின வண்டில போனா..."

"முந்தின வண்டின்னா நான் ஆறு முப்பத்தஞ்சுக்கு வீட்ட விட்டுக் கிளம்பணும். ஆன்ட்டி ஆறே முக்காலுக்குத்தான் கதவத் தொறப்பாங்க. பத்து நிமிஷம் பாப்பாவ உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போகணும். ஏழு வயசுப் புள்ளைய." குரலை உயர்த்தவே இல்லை அவள். "அடுப்புப் பக்கம் போகாத, யார் தட்டினாலும் பேசாதன்னு சொல்லிட்டுப் போகணும். உங்களுக்கு மூணு நிமிஷம். எனக்குப் பத்து நிமிஷம்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இறங்குவதற்காகத்தான் எழுந்தாள் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் நிலையம் வர இன்னும் நான்கு நிறுத்தம் இருந்தது. அது வரை கதவருகே நின்றுகொண்டே போனாள். அன்று எப்படியோ ரயிலைப் பிடித்திருக்கிறாள். மேம்பாலத்தில் அவள் ஓடுவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஓடக்கூடாத கால் அது.

அதற்கு அடுத்த நாளிலிருந்து ஏழு பன்னிரண்டு வண்டியில் அவள் வரவில்லை.

என் ஜன்னலோரத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நின்றுகொண்டு போனேன். வக்கீல் ஆசைப்பட்டபடியே டைம்டேபிள் போட்டவள் நின்றுகொண்டு போகிறாள் என்பது அவருக்குத் தெரியாமல் போனதுதான் பாவம். டீயை விட்டுவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. குடித்தேன், ருசிக்கவில்லை. ஆறு முப்பத்தைந்து ஆனதும் கடிகாரம் பக்கம் கண் போய்விடும். பூட்டிய கதவுக்குப் பின்னால் அந்தக் குழந்தை உட்கார்ந்திருக்கும் என்று தோன்றும். ஆறே முக்கால் ஆகும் வரை முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"என்ன, ரெண்டாவது டம்ளர் அப்படியே இருக்கு?" என்றார் கணவர் ஒரு நாள். எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமாகக் கிண்டல் செய்கிற மனிதர், டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அது கிண்டலைவிட மோசமாக இருந்தது.

ஒருவழியாக அந்தத் திங்கட்கிழமை வந்தது. நிறுத்தங்களில் புது நேரம் ஒட்டியாகிவிட்டது. ஏழு ஒன்பது. நானே போட்ட நேரம், நானே கையெழுத்திட்டு அனுப்பிய நேரம். அன்றைக்கென்று பார்த்து மகனுடைய ஈரத் துண்டு! கட்டிலில், என் தலையணை மேலேயே! கத்தினேன். கத்தி முடித்துப் பார்த்தால் ஏழு எட்டு.

ஓடினேன். பையும் மூக்குக்கண்ணாடியும் ஆளுக்கொரு பக்கம் குதிக்க ஓடினேன். தெருமுனை திரும்பும்போது வண்டி நின்றிருந்தது. ஏற வேண்டியவர்கள் ஏறி முடித்துவிட்டார்கள். கதவு மூடுகிறது. "நிறுத்துங்க!" என்று கத்தினேன். ஓட்டுநருக்கு எப்படிக் கேட்கும்? எத்தனை பேரை நான் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு ஒரு கோடு போட்டு இப்படி ஓட விட்டிருப்பேன் என்று அந்த ஓட்டத்திலும் ஒரு நினைப்பு வந்தது.

வண்டி நகர்ந்தது. நகர்ந்த வண்டி சடாரென்று நின்றது. உள்ளேயிருந்து யாரோ பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டோ தட்டென்று தட்டும் சத்தம். கதவு திறந்தது. படியில் பச்சை ஸ்வெட்டர் தெரிந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம் இருங்க! ஆள் வருது!"

"யாருக்குமா இப்படி நிறுத்தச் சொல்றீங்க? நேரமாகுதுல்ல?" என்று வக்கீல் உள்ளேயிருந்து வள்ளென்று விழுந்தார்.

ஸ்வெட்டர் திரும்பி, வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"டைம்டேபிள் போட்டவங்க வராங்க. இருங்க சார், ஏறட்டும்."

நான் ஏறினேன். மூச்சு வாங்கியது. வண்டியில் அத்தனை கண்ணும் என் மேல். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. 'கையில கிடைக்கட்டும், கிடைக்கட்டும்' என்று இத்தனை வருஷம் முழங்கிய வக்கீலின் எதிரே, ஒரு முழ தூரத்தில் கிடைத்து நின்றேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார், கோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"வணக்கம்மா," என்றார். பிறகு, ரொம்பப் பணிவாக, "அந்தச் சாயங்காலம் ஆறு இருபது வண்டியப் பத்தி ஒரு சின்ன விஷயம்..."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வண்டி கிளம்பியது.

ஜன்னலோரத்தில் அவள் பை இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன்.

"உனக்கு ஒரு சிவப்புதான்டி பாக்கி இருக்கு. எதுக்கு எனக்காக வண்டிய நிறுத்தின?"

"தெரியல," என்றாள். முகத்தில் இன்னும் கோபம் இருந்தது. "நீங்க ஓடி வர்றதப் பாத்தேன். கை தானா தட்டிருச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பேருந்தில், பட்டப்பகலில், வக்கீலுக்கு முன்னாலேயே அழுதேன். அவள் ஸ்வெட்டரின் கையை நீட்டினாள். அதிலேயே துடைத்துக்கொண்டேன்.

எனக்காக நின்றதில் நாற்பது நொடி போயிருந்தது. அதற்கு மேல் ஒரு சிக்னல். ஏழு முப்பத்திரண்டுக்கு வர வேண்டிய வண்டி ஏழு முப்பத்து மூன்றுக்கு நிலையம் வந்தது. ஆறு நிமிடம். அவளுக்கு வேண்டியது ஆறு நிமிடம் நாற்பது நொடி. என் கணக்கு தப்பாது. நானும் அவளோடு குதித்தேன்.

"நீங்க எதுக்கு?"

"பைய என்கிட்ட குடு. கம்பியப் பிடி. பின்னாடியே வா."

எதிரே அந்தக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டு மனிதர்களை மட்டும் இத்தனை வருஷம் விரட்டிக்கொண்டிருந்த என் தொண்டைக்கு அன்றுதான் சரியான வேலை கிடைத்தது. "கம்பிய விடுங்க! ஏறுறவங்க வராங்க! தம்பி, போனை அப்புறம் பாரு! அம்மா, இந்தப் பக்கம்! சார், உங்களத்தான்!" திட்டிக்கொண்டே ஏறினேன். ஜனங்கள் பயந்து ஒதுங்கினார்கள். பின்னால் அவள் கம்பியைப் பிடித்து, படிக்கு இரண்டு காலாக, நிற்காமல் வந்தாள்.

நாங்கள் இறங்கியபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. அவளை ஏற்றிவிட்டுப் பையைக் கொடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஐம்பது நொடி.

"போச்சு, இன்னிக்கு நீங்க லேட்டு," என்றாள் கதவில் நின்றபடி.

"இருக்கட்டும். எங்க ஆபீஸ்ல சிவப்பு மைதான், சிவப்பு விளக்கு இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். இரண்டு வாரத்துக்கு மேல் பார்க்காத சிரிப்பு. கதவு மூடுவதற்கு மணி அடித்தது.

"அக்கா, நாளைக்கு வீட்டுல உக்காந்து ரெண்டாவது டீ குடிக்காதீங்க."

"சத்தியமா குடிக்க மாட்டேன்டி."

"ஃபிளாஸ்க்ல ஊத்தி எடுத்துட்டு வாங்க," என்றாள். "எனக்கும் சேத்து."

கதவு மூடிக்கொண்டது. ரயில் போன பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று பையிலிருந்து ஒரு புது நடைத்தாளை எடுத்தேன். நேரத்தைக் குறிப்பதற்கு முன்னால், முதல் வேலையாகக் கிழமையை எழுதினேன்.